இறக்கையின் அடிப்பக்கம்

"மல்லி, எந்தப் பக்கம் சாயுது?"

என் கணவர் இதைத் தலையைத் திருப்பாமல் கேட்டார். சத்தமாகவும் கேட்கவில்லை. எஸ்டேட் திடலின் ஓரத்தில், ரிமோட்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை வானத்துக்குக் கொடுத்து நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி இருக்கும். கீழ்ப் பள்ளத்திலிருந்து பனி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

விமானம் தேயிலைச் சரிவுக்கு மேலே, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. மேலே மஞ்சள், அடியில் பாதி கறுப்பு, பாதி பச்சை. நான்தான் தீட்டியிருந்தேன். எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"இடது பக்கம்" என்றேன்.

"நமக்கா, அதுக்கா?"

கொஞ்சம் யோசித்தேன். "அதுக்கு."

அவருடைய கட்டைவிரல் ஒரு நெல்லளவு நகர்ந்தது. இறக்கை நிமிர்ந்தது. அன்று இறங்குவதற்குள் ஆறு முறை கேட்டார். ஆறு முறையும் சொன்னேன். விமானம் புல்லில் நல்லபடியாகவே வந்து இறங்கியது. வீட்டுக்கு நடக்கும்போது, விமானத்தின் மூக்கில் சுழலும் புது விசிறி கொஞ்சம் கனம், பழையதையே மாட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டு வந்தார்.

போன வாரம் இந்தப் பத்திரிகைத் தொடரில், நான் டீச்சராக இருந்த பாலர் பள்ளியின் கூரை ஒழுகிய கதையை எழுதினேன். இந்த வாரமும் அதே வருஷத்தில்தான் நிற்கிறேன். கூரையைப் பற்றி எழுதியது சுலபமாக இருந்தது.

கரைந்துபோன இறக்கை

மகள் மலையை விட்டுத் தெற்கே ஜொகூருக்கு வேலைக்குப் போன பிறகு அவள் அறை காலியாகக் கிடந்தது. ஆறு மாதத்தில் அது விமான அறை ஆகிவிட்டது.

அவர் கைப்பேசியில் யாரோ ஃபோமில் விமானம் செய்து பறக்கவிடுவதைப் பார்த்திருக்கிறார். அதே வாரத்தில் புது ஐஸ்பெட்டி வாங்கினோம். அதைச் சுற்றி வந்த வெள்ளை ஃபோமைத் தூக்கி எறிய விடவில்லை. காய்கறி வெட்டும் கத்தியால் அதை இறக்கையாக வெட்டினார். உள்ளே வலுவுக்கு இறைச்சி குத்திச் சுடுகிற மூங்கில் சாத்தே குச்சிகளைச் செருகினார். இறக்கையை உடம்போடு சேர்க்க ரப்பர் வளையங்கள். மோட்டாரும் பேட்டரியும் தபாலில் வந்தன.

எல்லாம் முடிந்ததும், தான் ஓட்டும் பள்ளி வேனில் கீறல் விழுந்தால் அடிக்கிற ஸ்ப்ரே பெயிண்டை எடுத்து வந்து இறக்கையில் அடித்தார். வெல்லத்தில் வெந்நீர் ஊற்றியது போல ஃபோம் குழிகுழியாகக் கரைந்தது. அவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அது கரைந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"தண்ணி பெயிண்ட் அடிக்கணும் போலிருக்குங்க" என்றேன்.

பாலர் பள்ளியில் பிள்ளைகள் பூசுகிற பெயிண்ட் என்னிடம் எப்போதும் இருக்கும். இரண்டாவது இறக்கைக்கு நான் அதைப் பூசினேன். அவர் அதை என் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"இருபது கிராம் ஏத்திட்ட லா. ப்ளேனா, லோரியா இது?"

அதற்குப் பிறகு தூரிகையை விட்டுவிட்டேன். ஸ்பான்ஜில் ஒற்றி, ஒற்றியதைத் துணியில் பாதி துடைத்து, மெல்லிசாகப் பூசக் கற்றுக்கொண்டேன். காய்ந்ததும் அவர் விமானத்தை இரண்டு விரல் நுனியில், இறக்கைக்கு அடியில் தாங்கிப் பிடிப்பார். மூக்கும் வாலும் சமமாக நின்றால் தலையை ஆட்டுவார். எனக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் விமானம் தேயிலைக்குள் விழுந்து இரண்டு நாள் காணாமல் போனது. மூன்றாம் நாள் ஒரு நேப்பாளத் தொழிலாளி அதைக் கூடையின் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கொடுத்தார். வாலில் ஒரு கீறல்கூட இல்லை.

பெரிசா போடு

ஆரம்பத்தில் நான் ஆசைக்கு என்னென்னவோ வரைந்தேன். ஜன்னல்கள், ஜன்னலில் முகங்கள், வால் ஓரத்தில் மெல்லிய கோடு. அவரும் கண்ணருகே கொண்டுபோய் ரசிப்பார். ஒரு ஜன்னலில் எங்கள் மகளின் முகம் மாதிரி ஒன்று வந்துவிட்டது. படமெடுத்து அவளுக்கு அனுப்பினார்.

அப்புறம் ஒருநாள், "சின்ன கோடெல்லாம் மேல போனா தெரியல மல்லி. பட்டையா போடு" என்றார். பட்டையாகப் போட்டேன். அடுத்த விமானத்துக்கு, "மேல ஒரு கலர், அடியில ஒரு கலர். அப்பதான் திரும்புறது தெரியும்" என்றார். அதற்கடுத்த விமானத்துக்கு, "இன்னும் அழுத்தமா. அடிப்பக்கம் பாதி கறுப்பு, பாதி நீலம்."

ஒவ்வொன்றுக்கும் அவர் காரணம் சொன்னார். காரணமெல்லாம் சரியாகவும் இருந்தது. எங்கள் மலையில் வானம் பாதி நாள் வெளுத்துக் கிடக்கும். வெள்ளை விமானம் பனிக்குள் போனால் எந்தக் கண்ணுக்கும் தப்பிவிடும். விமானம் விடுகிற எல்லோருமே அடிப்பக்கத்தை வேறு நிறத்தில்தான் பூசுகிறார்கள். அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்த முறை நீலம் தீர்ந்துவிட்டிருந்தது. பச்சைதான் இருந்தது. கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று பச்சையையே பூசி ஜன்னலோரம் காயவைத்தேன். அவர் வந்து எடுத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீலம் நல்லா பிடிச்சிருக்கு" என்றார்.

அந்த அறையின் டியூப்லைட் கொஞ்ச நாளாகவே மங்கலாக எரிந்தது. மறுநாள் புது விளக்கு வாங்கி மாட்டினேன். அதோடு அந்த விஷயத்தை மறந்துவிட்டேன்.

வீட்டில் சொல்லாத சொல்

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர். அவருக்குக் காது கேட்காது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'செவிடு' என்ற சொல் எங்கள் வீட்டில் ஒருமுறைகூடச் சொல்லப்பட்டதில்லை. அம்மா அவர் முன்னால் வந்து நின்றுதான் பேசுவார். நாங்கள் எல்லோரும் உரத்த குரலில் பேசினோம். வீட்டுக்கு வருகிறவர்கள், சண்டை நடக்கிறதோ என்று வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் கிராணி பெயர் கூப்பிடும்போது அப்பாவின் தோளை யாராவது தொடுவார்கள். அவர் "ஐயா" என்பார். எஸ்டேட் மேனேஜர் துரைக்குக் கடைசிவரை தெரியாது என்றுதான் எல்லோரும் நம்பினோம். தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அதை அன்பு என்று நினைத்துத்தான் வளர்ந்தேன். யாருக்கும் அதனால் கெடுதல் வரவில்லை. அப்பா ஓட்டியது வேன் அல்ல.

பதினொரு பிள்ளைகள்

என் கணவர் பள்ளி வேன் ஓட்டினார். எஸ்டேட்டிலிருந்து தானா ராத்தா டவுன் இடைநிலைப் பள்ளிக்குப் பதினொரு பிள்ளைகள். பத்துப் பேர் என் பாலர் பள்ளியில் 'அ' எழுதிப் பழகியவர்கள். காலை ஆறேகாலுக்கு தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் கீழே வேன் நிற்கும். அந்த நேரத்தில் பனி விளக்கு வெளிச்சத்தில் புகை மாதிரி ஓடும். எஸ்டேட் ரோடு ஒரு வண்டி போகிற அகலம். எதிரே லோரி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும்.

திடலில் அவர் கேட்டது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை தேநீர்க் கோப்பையோடு வாசற்படியில் நின்றேன். சரோஜா தன் மகள் தர்ஷினியின் பையைத் தூக்கி வேனுக்குள் வைத்தாள். சரோஜா எஸ்டேட்டின் தேநீர்க் கடையில் வேலை செய்கிறவள். சுற்றுலா வருகிறவர்களுக்குக் கேக்கும் தேநீரும் கொடுப்பாள். தர்ஷினி எப்போதும் முன் சீட்டில், அவர் பக்கத்தில்தான் உட்காருவாள்.

வேன் கிளம்பி வளைவில் திரும்பியது. பின் விளக்கு இரண்டும் பனிக்குள் மறைந்தன. அப்போதுதான் எனக்கு எல்லாம் சேர்ந்து புரிந்தது. பச்சை, டியூப்லைட், ஆறு கேள்விகள்.

புரிந்த பிறகும் நான் ஓடவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேன். எட்டு மணிக்குப் பாலர் பள்ளியைத் திறந்தேன். வேன் வழக்கம்போலத் திரும்பி வந்தது.

எனக்கு நானே என்ன சொல்லிக்கொண்டேன் என்று நினைவிருக்கிறது. வானத்தில் தூரத்தில் போகிற சின்னப் பொருள் வேறு, கண்ணெதிரே இருக்கிற ரோடு வேறு. இத்தனை வருஷம் ஓட்டியவர். இன்னும் சில மாதத்தில் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும், அப்போது டாக்டர் பார்ப்பார்.

செவ்வாயன்று, "இனிப்பு நீருக்குக் கண்ணையும் பாக்கணும்னு சொல்றாங்களே, ஒருதடவை காட்டிட்டு வாங்க" என்றேன்.

"அடுத்த மாசம் கிளினிக் போறப்ப பாத்துக்கலாம்" என்றார்.

சர்க்கரை வியாதிக்குக் காட்டக் கிளினிக்குக்கு அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க அவரைக் கவனித்தேன். தேநீர் ஊற்றும்போது கோப்பையின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஊற்றினார். வேனை நிறுத்தும்போது சரளைக்கல் சத்தம் கேட்கும்வரை வந்து நிறுத்தினார். படியிறங்கும்போது கடைசிப் படியைக் காலால் தேடினார். இதெல்லாம் எத்தனை நாளாக நடக்கிறதோ, தெரியாது.

முன் சீட்டு

இரண்டாவது வாரம் திங்கள்கிழமை, தானா ராத்தாவில் வேலை இருக்கிறது என்று சொல்லி வேனில் ஏறினேன். தர்ஷினி எனக்கு முன் சீட்டைக் கொடுத்துவிட்டு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

முதல் வளைவில் மஞ்சள் விளக்கு ஒன்று பனிக்குள் தெரிந்தது. "லோரி" என்றேன். அவர் எதுவும் கேட்காமல் இடதுபக்கம் ஒதுக்கினார். அடுத்தது, "ஆள் நடக்குறாங்க." கொஞ்சம் தள்ளி எடுத்தார்.

அவ்வளவுதான். திடலில் செய்ததையே ரோட்டிலும் செய்தோம். அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மறுநாளும் ஏறினேன். அதற்கு மறுநாள் அவரே என் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார். இடையில் வந்த இரண்டு ஞாயிறும் மழை. விமானம் விடப் போகவில்லை.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை. பெரிய ரோட்டில் சேர்வதற்கு முன்னால் ஒரு குறுகலான வளைவு. அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் விளக்கு போடாமல், பின்னால் இரண்டு கூடை வைத்துக்கொண்டு, எங்கள் பக்கமாகவே வந்தது. நான் பார்க்கவே தாமதமாகிவிட்டது.

"நிறுத்துங்க" என்றேன்.

பிரேக் போட்டார். வேன் கொஞ்சம் வழுக்கி நின்றது. மோட்டார்காரர் கூடை வேனில் உரச ஒதுங்கிப் போனார். போகும்போது மலாயில் ஏதோ கத்தினார். பின்னால் ஒரு தண்ணீர்ப் புட்டி உருண்டு வந்து என் சீட்டுக்கு அடியில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார். "என்ன அது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

பின்னாலிருந்து தர்ஷினி சொன்னாள். "மோட்டார், அங்கிள்." கொஞ்சம் விட்டு, "டீச்சர், அங்கிளுக்குத் தெரியலையா?"

நான் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். "மெதுவா போங்க" என்றேன். அவர் மெதுவாகப் போனார்.

சாவி

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார். இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

"இனிமே ஓட்ட வேண்டாங்க."

"அந்த மோட்டார்காரன் லைட் போடல."

"நான் பாத்தேன். நீங்க பாக்கல."

"இந்த ரோடு எனக்கு மனப்பாடம் மல்லி. கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

"ரோடு மனப்பாடம்தான். எதிர்ல வர்றது?"

அவர் வைப்பரை ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தினார். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "நீதான் பக்கத்துல இருக்கியே" என்றார்.

என்னை அசைத்தது அந்த வார்த்தைதான். நான் பக்கத்தில் இருந்ததால்தான் அவர் ஓட்டினார். நான் ஏறாமல் இருந்திருந்தால் இரண்டாவது வாரத்திலேயே அவருக்கே பயம் வந்து, ஓட்டுவதை விட்டிருப்பார். அல்லது வேறு ஏதாவது நடந்திருக்கும்.

"அதனாலதான் சொல்றேன்" என்றேன்.

"வேனை விட்டா நான் என்னதான் செய்றது?"

கையை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்தேன். அவர் கை என் கையின் மேல் வந்தது, ஒரு நொடி இருந்தது, விலகியது.

உள்ளே போய் வீடு வீடாகத் தொலைபேசியில் சொன்னேன். மத்தியானம் பிள்ளைகளை அழைத்துவர வேறு ஏற்பாடு செய்யச் சொன்னேன். முதலில் சரோஜாவுக்குத்தான் பேசினேன்.

"அவருக்குக் கண் சரியில்ல சரோஜா. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"ஐயோ, அண்ணனுக்கா? பரவால்ல டீச்சர், நான் தர்ஷினிய கூட்டியாந்துக்குறேன். நீங்க அண்ணன பாருங்க."

அதே வாக்கியத்தை எல்லா வீட்டுக்கும் சொன்னேன். இன்றைக்குத்தான் தெரிந்தது. நான்காவது வீட்டுக்குப் பேசும்போது எனக்கே அது உண்மை போல இருந்தது.

அதற்குப் பிறகு

ஈப்போவில் கண் டாக்டர் இரண்டு கண்ணின் உள்ளேயும் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார். லேசர் வைத்தார்கள். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். பல முறை மலையிறங்கிப் போய் வந்தோம். வலது கண்ணில் பார்வை கொஞ்சம் தங்கியது. இடது கண்ணில் தங்கவில்லை.

அவர் இரண்டு மாதம் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. கோபமாகவும் இல்லை. மருந்து, சாப்பாடு, துண்டு என்று கேட்பார். வேனைத் திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் விலைக்கு எடுத்துப் போனார். முட்டைக்கோஸ் ஏற்றச் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டார். அது வாசலை விட்டுப் போனபோது என் கணவர் விமான அறைக்குள் இருந்தார்.

அப்புறம் ஒரு காலையில் அந்த அறையிலிருந்து ஃபோம் அறுக்கும் சத்தம் கேட்டது. இரும்பு அளவுகோலில் அங்கங்கே அரத்தால் பள்ளம் வெட்டி, விரலால் தடவி அளந்து அறுத்துக்கொண்டிருந்தார். முந்தைய விமானங்களைவிட இறக்கை ஒழுங்காக இருந்தது. இப்போது பிரிஞ்சாங்கில் இரும்புக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வந்து பறக்கவிடுகிறார். இவர் பக்கத்தில் நின்று மோட்டார் சத்தத்தைக் கேட்டு, "கொஞ்சம் குறை" என்பார்.

பெயிண்டுக்கு என்ன நிறம் என்று நான் கேட்டபோது, "உனக்குப் பிடிச்சதை பூசு" என்றார். பிறகு, தலையை நிமிர்த்தாமல், "அன்னைக்கு நீ சாவிய எடுக்கலன்னா நான் ஓட்டிக்கிட்டேதான் இருந்திருப்பேன்" என்றார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேதான் இருந்திருப்பேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

அந்த வருஷம் கோயில் திருவிழாவில் சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டீங்க டீச்சர். வேற யாராச்சும்னா புருஷனுக்காக மறைச்சிருப்பாங்க." தர்ஷினி பக்கத்தில் நின்றிருந்தாள். நான் இரண்டு வாரம் வேனில் வந்ததை அவள் பார்த்தவள். நான் சொன்ன ஒவ்வொரு 'லோரி'யையும் பின் சீட்டிலிருந்து கேட்டவள். என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டாள். அவள் இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாதே என்று நானும் கேட்டதில்லை.

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் முதலில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "எட்டு மாசம் இல்ல, பத்து மாசம். கிளினிக் போய்" என்றார். வேறு திருத்தம் சொல்லவில்லை. நான் எட்டு என்றே விட்டிருக்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

அடுத்து தாள்களை எடுத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. சரோஜா கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே படித்தாள். அவள் மெதுவாகப் படிக்கிறவள். நான் கண்ணாடிக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

"மூணு வாரமா தெரியுமா டீச்சர்?"

"ஆமா."

"மொத வாரம் எம் பொண்ணு முன் சீட்டுல உக்காந்திருந்தா."

"ஆமா."

அவள் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் பக்கம் தள்ளினாள். வெளியே ஒரு பேருந்து வந்து நின்றது. ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். அவள் துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள்.

"பேப்பர்ல போடுங்க" என்றாள். "எம் பேரையும் மாத்தாம போடுங்க."

மாற்றவில்லை.